நான்கு கம்பியும் ஓர் இரைச்சலும்

என் வயதுடையவர்கள் ராஜபாளையத்துக் கோடையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சப்பட்டை மாம்பழத்தில் தொடங்கி அய்யனார் கோவில் அருவியில் முடிப்பார்கள். நானும் மாம்பழம் தின்றிருக்கிறேன். அருவியில் நனைந்து சளி பிடித்துத் திரும்பியிருக்கிறேன். இரண்டைப் பற்றியும் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. ஒன்பதாம் வகுப்புக்கு முந்தைய விடுமுறையில் நீ கண்ணிலேயே படவில்லையே, எங்கே போயிருந்தாய் என்று, ஊரிலிருந்து என்னோடு இதே கல்லூரிக்கு வந்த உங்களில் சிலர் அண்மையில் கேட்டீர்கள். வீட்டில்தான் இருந்தேன். பாஸ் கிடார் கற்றுக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்துவிட்டு மேலே படியுங்கள். இதில் சிரிக்கத்தக்கவர்கள் பலர் வருகிறார்கள். என்னை அவர்களோடு சேர்க்காமல் இருந்தால் போதும்.

அப்பா ராணுவத்தில் இருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை டிரங்குப் பெட்டியோடு வருவார், போவார். எஞ்சிய நாட்களில் ஆண்துணை என்ற பெயரில் சித்தப்பா எங்கள் வீட்டில் இருந்தார். அவருக்கு ஒரு நூற்பாலையில் டைம் ஆபீஸ் வேலை. அதைவிடப் பெரிய வேலையாக அவர் கருதியது ஆலையின் மனமகிழ் மன்றத்தில் இன்னிசைக் குழுவின் தலைவராக இருப்பதை. தலைவர் என்றால் பாடுவது, ஹார்மோனியம் வாசிப்பது, பிறர் வாசிக்கும்போது முகம் சுளிப்பது ஆகிய மூன்றும் அவருக்கே உரியவை.

சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவின் கச்சேரியை அவர் பார்த்திருந்தார். அந்த மேடையில் ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள். அவர்களில் ஒருவர் நீண்ட கழுத்துடைய கிடார் ஒன்றைப் பிடித்திருந்தார். எங்கள் மன்றத்தின் மேடையில் நான்கு பேர்தான். தம் குழுவில் சித்தப்பாவுக்குத் தெரிந்த குறை அது ஒன்றே. ஆகவே மன்றம் கருவிகள் வாங்க அவரை மதுரைக்கு அனுப்பியபோது, நின்றுகொண்டு பிடிக்கத்தக்க ஒரு நீளக் கிடாரையும் வாங்கிவந்தார்.

கடையில் நடந்ததை, உடன் சென்ற டிரம்ஸ்காரர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார். சித்தப்பா கம்பிகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாராம்.

"கிடாருன்னா ஆறு கம்பி. மில்லுக்காரனுக்கு என்ன தெரியப்போகுதுன்னு நாலக் கட்டிக் குடுக்கீங்களா?"

"பாஸுக்கு நாலுதாங்க."

"சரி, நாலுதான். அப்ப மத்த ரெண்டும் எங்க?"

கடைக்காரர் அலுத்துப்போய், மெல்லிய கம்பிகள் இரண்டைச் சுருட்டி ஓர் உறையில் போட்டுக் கொடுத்தார். சித்தப்பா அந்த உறையை வெற்றிக்கு அடையாளமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். டிரம்ஸ்காரர் இதை அவருடைய சாமர்த்தியத்துக்குச் சான்றாகவே சொல்லுவார். கேட்டவர்களும் அப்படித்தான் கேட்டார்கள்.

கிடாரைப் பிடித்துக்கொண்டு நிற்க முதலில் ஓர் ஆலை எழுத்தர் இருந்தார். கறுப்புக் கண்ணாடி அணிந்து, ஒரு காலை முன்னே வைத்து நிற்பார். விரல்கள் ஏதோ செய்துகொண்டிருக்கும். ஒலி வராது. வராததற்குக் காரணம் அவர் மட்டும் அல்லர். மன்றத்தில் இருந்தவை எல்லாம் கம்பத்தில் கட்டும் புனல் வடிவ ஒலிபெருக்கிக் குழாய்கள். 'வாக்காளப் பெருமக்களே' என்று கத்துவதற்கென்றே செய்யப்பட்டவை அவை. தாழ்ந்த சுரம் எதையும் வெளியே விடமாட்டா. தாழ்ந்த சுரங்களுக்கென்றே உள்ள பாஸ் கிடாரின் ஒலி அவற்றின் வழியே யாரோ நாக்கைச் சப்புக்கொட்டுவது போலத்தான் வரும். இதைக் குழுவில் ஒருவரும் யோசிக்கவில்லை. கேட்காத கருவி என்று முடிவு செய்துவிட்டார்கள். எழுத்தருக்குத் தளவாய்புரத்தில் பெண் அமைந்து, மாமனாரின் தொழிலைப் பார்க்கப் போய்விட்ட பிறகு, கிடார் தன் பெட்டியோடு எங்கள் வீட்டு மர பீரோவின் மேல் வந்து படுத்தது.

நான் அதை இறக்கியது ஆசையால் அன்று. பீரோவின் மேல், அந்தப் பெட்டிக்கு அடியில் இருந்த போர்வைகளை வெயிலில் போட வேண்டியிருந்தது.

பெட்டியைத் திறந்தால் புதுப் பிளாஸ்டிக்கும் நாட்பட்ட வார்னிஷும் சேர்ந்த ஒரு மணம் வரும். மூடியின் உட்புறப் பையில் ஒரு கேசட் இருந்தது. அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாஸ் கிடாரில் ப்ளூஸ் ரிஃப் கட்டுவது எப்படி என்று கற்பிக்கும் ஒலிப்பாடம் அது. ரிஃப் என்பது சில சுரங்களாலான ஒரு சிறு தொடர். பாட்டின் அடியில் திரும்பத் திரும்ப வந்து அதைத் தாங்கி நிற்பது. ப்ளூஸ் என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு முறை என்பதும், துயரைப் பாடுவது என்பதும் கல்லூரிக்கு வந்தபின் படித்தவை. நம் வகுப்பில் அந்தச் சொல்லை உச்சரித்தாலே ஒப்பாரியோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரைக்குத் தாள் தேடுகிறார்கள். எழுதட்டும். பதின்மூன்று வயதில் அது எனக்குத் துயரமாகப் படவில்லை, ஒழுங்காகப் பட்டது. ஒழுங்கான பொருள் வேறொன்று எங்கள் வீட்டில் இல்லை.

கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டேன். முதற்பக்கத்தில் சித்தப்பா பாடினார்.

விற்பனைக்கு வரும் கேசட்டில் எதையும் பதிய முடியாதபடி முதுகில் ஒரு துளை இருக்கும். அந்தத் துளையில் காகிதத்தைச் சுருட்டி அடைத்தால் பதியலாம். ஊரில் எல்லோரும் ஐயமறக் கற்றிருந்த தொழில்நுட்பம் இது ஒன்றுதான். சித்தப்பாவிடம் கேட்டேன்.

"அதுவா? எவனோ இங்கிலீஷுல பேசிக்கிட்டே கெடந்தான். நான் என் பாட்ட ஏத்திட்டேன்."

அவர் பாட்டு நிலவைப் பற்றியது. எழுதி இசையமைத்துப் பாடியது அவரே. நிலவைப் பற்றி அவரிடம் சொல்வதற்கு மிகக் கொஞ்சமே இருந்ததால் ஒவ்வொரு சரணத்திலும் முதலடியையே இரண்டாம் அடியாகவும் பாடுவார். மூன்றாம் அடியில் நிலவு மறைந்துவிடும். அடிகளுக்கு இடையில் மிச்சமான இடத்தை 'ஆ' என்று நிரப்புவார்.

கேசட்டின் மறுபக்கத்தை அவர் இன்னும் தொட்டிருக்கவில்லை. அது இப்படித் தொடங்கியது: இனி, நீங்கள் கட்டியதை அப்படியே அடுத்த கம்பிக்கு நகர்த்துங்கள். நான் எதையும் கட்டியிருக்கவில்லை. கட்டுவது எப்படி என்பது முதற்பக்கத்தில் இருந்தது. முதற்பக்கத்தில் நிலவு இருந்தது.

எனவே நான் பின்னோக்கிக் கற்றுக்கொண்டேன். அந்த ஆள் நகர்த்தி வாசித்ததைக் கேட்டு, அதை ஒரு கம்பி பின்னால் கொண்டுவந்து வைத்தால் அவர் முதலில் கட்டியது கிடைக்க வேண்டும். கிடைத்தது. அது கிடைத்த பகலில் வீட்டில் வேறு யாரும் இல்லை. தெருவில் ஒருவன் ஈயம் பூச வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு போனான்.

கட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது கடினம் என்ற எண்ணத்தை நீங்கள் வளர்த்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. தடித்த கம்பியில் ஓர் இடத்தை வீடு என்று வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் அந்த ஒரே சுரம், சலிக்கும்வரை. சலித்த பின்னும் சற்று. சுரங்களின் அளவு சமமாக இருக்கக்கூடாது: நெடில் ஒன்று, குறில் ஒன்று, நெடில் ஒன்று, குறில் ஒன்று. பள்ளியில் அலகிடத் தெரிந்த யாருக்கும் இது வரும். பிறகு, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளைக் கட்டங்களாக எண்ணி, வீட்டிலிருந்து மூன்று கட்டம் மேலே ஒரு சுரம். அடுத்த கம்பியில் வீட்டுக்கு நேரே ஒன்று, அதற்கு ஒரு கட்டம் தள்ளி ஒன்று, இன்னும் ஒரு கட்டம் தள்ளி ஒன்று. இவற்றில் எல்லாவற்றையும் வாசிப்பவன் ஒன்றையும் கட்டவில்லை. மூன்றோ நான்கோ எடுத்துக்கொண்டு, அவற்றை முதற்பாதியிலேயே சொல்லி முடித்துவிட்டு, மறுபாதியைச் சும்மா விட வேண்டும். ரிஃப்பின் பாதி, நீங்கள் வாசிக்காத இடம்தான் என்று கேசட்காரர் சொன்னார். எங்கள் வீட்டில் வாயைத் திறந்த ஒருவருக்கும் தெரியாத செய்தி அது.

மற்றது கட்டடத்தின் ஒழுங்கு. அளவு என்றால் நான்கு தாளத்தட்டு. நான்கு அளவு வீட்டில். அடுத்த கம்பிக்கு நகர்ந்து இரண்டு. திரும்ப வீட்டில் இரண்டு. பிறகு அந்த அடுத்த கம்பியில் இரு கட்டம் மேலே ஏறி ஒன்று, இறங்கி ஒன்று. கடைசி இரண்டுக்கு வீடு. கையின் வடிவம் மாறுவதே இல்லை. அதே கட்டு, இடம் மட்டும் வேறு. இதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்டதை மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். உலகில் யாரோ ஒருவர் யோசித்துச் செய்திருக்கிறார் என்ற நிம்மதி அது.

ஆம்ப்ளிஃபையர் மன்றத்தில் பூட்டிக் கிடந்தது. மின்சாரம் இல்லாமல் பாஸ் கிடார் கொசுவளவே பேசும். கிடாரின் உடம்பில் கொம்பு போல் நீண்டிருக்கும் பகுதியைத் தாடையில் அழுத்திக்கொண்டால் மண்டைக்குள் முழு ஒலியும் கேட்கிறது என்பதைத் தற்செயலாகக் கண்டேன். சில சமயம் பல்லால் பற்றிக்கொள்வேன். வார்னிஷ் கசக்கும்.

அம்மா ஒருநாள் அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். "ஏட்டி, எலி கொறிக்குதுன்னு தேடிக்கிட்டு வாரேன், நீ மரத்தக் கடிச்சுக்கிட்டு இருக்கே."

"பாட்டு கேக்கேன்மா."

"பல்லாலயா?"

நான் மறுபடி மரத்தைப் பல்லால் பற்றிக்கொண்டேன். அவள் போய்விட்டாள். அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவளிடம் கருத்து ஏதும் இல்லை. கருத்து உடையவர்கள்தாம் ஆபத்தானவர்கள். எதிர்வீட்டுப் பாட்டு டீச்சர் அப்படிப்பட்டவர். தெலுங்கு பேசும் குடும்பம். தெருவில் பாதிப் பெண்களுக்கு அவர்தான் சரளி வரிசை சொல்லித் தந்தவர், எனக்கும்தான். என் ரிஃப்பில், 'ம' என்ற சுரத்தின் இரு வடிவங்களான சுத்த மத்தியமமும் பிரதி மத்தியமமும் அடுத்தடுத்து வந்தன. அதை அவரிடம் பாடிக் காட்டினேன்.

"ரெண்டு மத்தியமத்தயும் ஒண்ணு பின்னால ஒண்ணு தொடுவாங்களா அம்மாயி? காது கூசல?"

"கூசல டீச்சர்."

"அப்ப காதுலதான் கோளாறு."

அதன் பிறகு அவர் என்னை வகுப்பில் பின்வரிசையில் உட்கார வைத்தார். சுவரில் சாய்ந்துகொள்ள முடிந்தது.

ஆனி பிறந்து, பள்ளியும் திறந்திருந்தது. ஆலை மேலாளர் ஒரு நாள் மன்றத்துக்கு வந்து, வாங்கிய கிடார் எங்கே, யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். சித்தப்பாவுக்குப் பதில் தேவைப்பட்டது. அன்று மாலை சாப்பிடும்போது பதிலை அறிவித்தார்.

"ஆறு கம்பி இருந்தா நானே வாசிச்சிருவேன். அதான் ரெண்டு கம்பி கையில இருக்குல்ல. தறிக்கு நாடாக்கட்ட செய்யுத ஆசாரிய வரச் சொல்லியிருக்கேன். தலையில ரெண்டு ஓட்ட, கீழ ரெண்டு ஓட்ட. ஆடி முடிஞ்சதும் வாரேன்னிருக்காரு."

"ஒடைஞ்சு கிடைஞ்சு போயிராதா தம்பி?" என்றாள் அம்மா.

"நீங்க சும்மா இருங்க மதினி. மரம்தான. மரத்துக்கு எம்புட்டு ஓட்ட போட்டாத்தான் என்ன?"

அந்த நீண்ட கழுத்து நான்கு கம்பிகளின் இழுவிசைக்கென்று செய்யப்பட்டது. நான்கும் சம இடைவெளியில் இருந்ததால்தான் என் கையின் வடிவம் கம்பிக்குக் கம்பி மாறாமல் நகர்ந்தது. இடையில் இரண்டைச் செருகினால் கட்டு என்பதே இருக்காது. நான் கற்ற அனைத்தும் அந்த நான்கு கம்பியின் மேல்தான் இருந்தது; வேறெங்கும் எடுத்துப்போக எனக்கு இடம் இல்லை. இவற்றில் எதையும் அவரிடம் சொல்ல முடியாது. அவருக்குப் புரியும் முறையில் பேரம் பேசினேன்.

"ஓட்ட போடுததுக்கு முந்தி ஒரு தடவ மேடையில நான் வாசிச்சுப் பாக்கேன் சித்தப்பா. கேட்டுச்சுன்னா போட வேண்டாம்."

"கேக்கலன்னா?"

"போட்டுக்கோங்க."

அவர் சோற்றை மென்றுகொண்டே சிரித்தார். "நீ வாசிச்சாலும் கேக்காது, வாசிக்காட்டாலும் கேக்காது. வில்லிபுத்தூர் கச்சேரிக்குப் பெட்டிகளுக்குக் காவலா ஒரு ஆளு வேணும். வந்து பின்னால ஒக்காந்துக்கோ."

ஒரு பெண்பிள்ளையை மேடையேற்றுவதற்கு அக்காலத்தில் எத்தனை பேரைக் கேட்டிருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒரு தடையும் வரவில்லை. நான் செய்யப்போவது யாருக்கும் கேட்காது என்று எல்லோரும் நம்பியதே காரணம்.

எந்தப் பாட்டுக்கு வாசிப்பது என்பதில் எனக்குத் தேர்வு இருக்கவில்லை. குழு பாடிய மற்றப் பாட்டுகளில் சுரங்கள் ஓயாமல் இடம் மாறும். சித்தப்பாவின் நிலவு மட்டும் மூன்றே இடங்களில் நின்றது: வீடு, அடுத்த கம்பி, அதற்கு இரு கட்டம் மேல். முதற்பக்கத்தைப் போட்டு அளவெண்ணிப் பார்த்தேன். 'ஆ' என்று இழுத்த இடங்களையும் சேர்த்தால் ஒவ்வொரு சரணமும் சரியாகப் பன்னிரண்டு அளவு. முதலடி, அதே அடி மறுபடி, பிறகு விடை போல மூன்றாம் அடி. கேசட்காரர் கற்பித்த வடிவமே அதுதான். கறுப்பின மக்கள் தலைமுறைகளாகச் செதுக்கியதைச் சித்தப்பா சோம்பலால் அடைந்திருந்தார்.

என் கட்டில் ஒரு சுரம் அவர் பாட்டின் காந்தாரத்தோடு மோதியது. அதை எடுத்துவிட்டேன், எடுத்த இடம் காலியாக நின்றபோது கட்டு முன்னினும் நன்றாக இருந்தது. இரண்டாம் சரணம் முதல், மூன்றாம் அடியில், நிலவு மறையும் இடத்தில், இரு மத்தியமங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பஞ்சமத்துக்கு ஏறும்படி வைத்தேன்.

கச்சேரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடித் தேர் நிலைக்கு வந்த மறுநாள் மாலை. தேரடிக்குச் சற்றுத் தள்ளி மேடை போட்டிருந்தார்கள். தெருவில் தேர் உருண்ட தடத்தில் வாழைப்பழத் தோலும் நசுங்கிய துளசியும் கிடந்தன. எங்கள் வேன் நின்றதும் நான் முதலில் பார்த்தது குழாய்களைத் தேடித்தான். குழாய்கள் இல்லை. அந்த ஊர் மைக் செட்காரர் புதிதாக வாங்கியிருந்த பெட்டி ஸ்பீக்கர்கள் மேடையின் இருபுறமும் ஆள் உயரத்துக்கு, கறுப்புத் துணி போர்த்தி நின்றன. அவற்றைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை தொட்டுப் பார்க்க விடாத அளவுக்கு இருந்தது. அதற்கு மேல் எதுவும் அவருக்குத் தெரிந்திருந்ததாக நான் நினைக்கவில்லை.

என்னை டிரம்ஸுக்குப் பின்னால், பேனர் துணியின் மறைவில், ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். என் வயரை மைக் செட்காரர் கேள்வி கேட்காமல் செருகினார். தொடக்கப் பாட்டுகளுக்கு நான் கம்பியைத் தொடவில்லை. பிறகு சித்தப்பா தொண்டையைச் செருமி, "அடுத்து வருவது என் சொந்தக் கற்பனை" என்றார்.

முதற்சரணத்தில் என் விரல் கம்பியை மீட்டியபோது ஒலி என் கையிலிருந்து வரவில்லை. காலடிப் பலகையிலிருந்து வந்தது. பெட்டியின் முகத்துணி மூச்சு விடுவது போல உள்ளே போய் வெளியே வந்தது. டிரம்ஸ்காரர் பக்கத்தில் வைத்திருந்த வெற்றிலைப் பொட்டலம் பலகையின் மேல் சற்று நகர்ந்தது. அதுவரை என் மண்டைக்குள் மட்டும் இருந்த ஒன்று தெருவின் அகலத்துக்கு இருந்தது. நான் அவசரப்படவில்லை. நெடில், குறில். வாசித்தேன், பாதியைச் சும்மா விட்டேன், வாசித்தேன். பேனரின் இடுக்கு வழியே முன்வரிசை தெரிந்தது. முறுக்குத் தின்றுகொண்டிருந்த ஒருவர் நிறுத்தினார். இரண்டாவது சரணத்தின் மூன்றாம் அடியில் ஏறிய இடத்தில், எல்லோரும் ஒரே கணம் அசையாமல் இருந்தார்கள்.

அப்போது மைக் செட்காரர் எழுந்தார்.

"ஹம்மிங் வருது," என்றார் டிரம்ஸ்காரரிடம், ஓரமாக வந்து குனிந்து. "எர்த்து சரியில்ல. அடியில ஒரே இரைச்சல்."

எர்த் கம்பி மேடைக்குப் பின்னால் மண்ணில் இறங்கியிருந்தது. அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி அதன் அடியில் தண்ணீர் ஊற்றினார். இரைச்சல் போகவில்லை. பாயசத்துக்கு வைத்திருந்த இடத்திலிருந்து யாரோ உப்பு என்று சர்க்கரையைக் கொடுக்க, திட்டிவிட்டு, உப்பு வாங்கி வந்து கொட்டி மறுபடி ஊற்றினார். போகவில்லை. சித்தப்பா ஹார்மோனியத்தில் இடையிசையை நீட்டிக்கொண்டே போக, நான் வாசித்துக்கொண்டுதானே இருந்தேன். பிறகு வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். ஹார்மோனிய மைக். டிரம்ஸ் மைக். மூன்றாவது சரணம் தொடங்கும் முன் என்னுடையது. பிடுங்கியதும் தெரு வெறுமையானது. அவர் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்து, "இதுலதாம்மா இருந்திருக்கு," என்றார், கண்டுபிடித்துக் கொடுத்தவர் போல.

பாட்டு முடிந்ததும் சித்தப்பா மைக்கில் சொன்னார்: "ரசிகப் பெருமக்களே, செத்த நேரம் ஒரு இரைச்சல் வந்துக்கிட்டிருந்தது. சரி செஞ்சாச்சு. சிரமத்துக்கு வருந்துகிறோம்."

சிலர் கை தட்டினார்கள். பாட்டுக்கா, பழுது நீங்கியதற்கா என்று தெரியவில்லை.

கச்சேரி முடிந்து இலை போட்டபோது விழாக் குழுத் தலைவர் சித்தப்பாவிடம் வந்தார். கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெரியவர். நெற்றி நிறைய நாமம். நான் பெட்டிக்கு அருகில் நின்றிருந்தேன்.

"அந்த நிலாப் பாட்டுல ரெண்டாவது சரணம், நிலா மறையற எடம். என்ன பண்ணினீர்? உள்ளங்கால்லேர்ந்து ஜிவ்வுன்னு ஏறித்து. பக்கத்துல இருந்தவாளும் அதையேதான் சொன்னா."

சித்தப்பா தலை குனிந்து கொண்டார்.

"ஆனா மூணாவது சரணத்துல அது வரலை," என்றார் பெரியவர், நேர்மையாக.

"அது ஒரு பிடிப்பு சாமி. வேணும்னு நெனச்சா வராது. வந்தா வரும்."

வேனில் திரும்பும்போது நான் சொன்னேன். ஒருமுறைதான் சொன்னேன். "சித்தப்பா, அந்தப் பெரியவர் சொன்ன எடத்துல வாசிச்சது நான். அந்த இரைச்சல் நான்தான்."

"அதத்தான நானும் சொல்லுதேன். கோளாறு பூராம் உன் வயருலதான்."

"கேட்டுச்சுல்ல. கேட்டுச்சுன்னா ஓட்ட போடக் கூடாதுன்னு சொன்னோம்."

"ஏட்டி, இரைச்சல்தான கேட்டுச்சு? வாசிப்பாக் கேட்டுச்சு? நீ வாசிச்சிருந்தா எனக்குக் கேக்காதா? எட்டுற தூரத்துலதான நின்னேன்."

டிரம்ஸ்காரர் சிரித்தார். முன் இருக்கையில் ஒருவர், பாப்பாவுக்கும் ஒரு பொட்டலம் பால்கோவா கொடுங்கப்பா என்றார். கொடுத்தார்கள்.

ஆடி கழிந்து தச்சர் வந்தார். எங்கள் கூடத்தில் பழைய பாயை விரித்துக் கிடாரை அதன்மேல் கிடத்தி, கைத்துளைப்பானால் தலையில் இரண்டும் அடியில் இரண்டுமாகத் துளையிட்டார். மரத்தூள் சுருள் சுருளாக விழுந்தது. அம்மா அதை முறத்தில் அள்ளி அடுப்பில் போட்டாள். உறையிலிருந்த இரண்டு கம்பிகளையும் கட்டியதும் சித்தப்பா மீட்டிப் பார்த்தார். மெல்லிய கம்பிகள் ஆதலால் மன்றத்துக் குழாயில் அவை மட்டும் கிரீச்சென்று வந்தன. "இப்பக் கேக்குதா, இல்லையா?" என்று குழுவினரைக் கேட்டார். கேட்கிறது என்றார்கள். மேலாளரும் கேட்கிறது என்றாராம். கார்த்திகைக்குள் கழுத்து வளைந்துவிட்டது. மன்றத்தின் பரணில் கேரம் போர்டுகளுக்குப் பின்னால் அதைக் கடைசியாகப் பார்த்தேன்.

கேசட்டின் மறுபக்கமும் போயிற்று. பெரியவர் சொன்ன அந்த இடத்தை நாடாவில் பிடித்துவிட வேண்டும் என்று சித்தப்பா கதவைச் சாத்திக்கொண்டு, ஹார்மோனியத்தோடு, அதன்மேல் மறுபடி மறுபடி பாடிப் பதிந்தார். நிலவு பலமுறை மறைந்தது. எதிலும் அது வரவில்லை. மைக் சரியில்லை என்றார். தொண்டை சரியில்லை என்றார். வில்லிபுத்தூர் மண்ணுக்கு ஒரு விசேஷம் உண்டு என்றார்.

அதன் பிறகு பாஸ் கிடார் என் கைக்குக் கிடைக்கவில்லை. நான் தேடவுமில்லை. உங்களிடம் இதைச் சொல்வது இரக்கத்துக்காக அன்று. இரக்கத்தை எங்கே செலுத்த வேண்டும் என்பதில் நீங்கள் வழக்கமாகத் தவறுகிறீர்கள்.

சித்தப்பா இன்னும் பாடுகிறார். ஆலையில் வேலை போய்விட்டது, குழு கலைந்துவிட்டது. ஆனால் உறவில் எந்தத் திருமணம் நடந்தாலும் மைக்கைக் கேட்டு வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரியவர் சொன்னதை முன்னுரையாகச் சொல்லிவிட்டு, நிலவுப் பாட்டைத் தொடங்குகிறார். சென்ற தை மாதமும் ஒரு மண்டபத்தில் பாடினார். நான் நான்காம் வரிசையில் இருந்தேன். இரண்டாவது சரணத்தின் மூன்றாம் அடியில் நிலவு மறைந்தது. அவர் பாட்டை நிறுத்தி, கையை நெஞ்சில் வைத்துக் கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் ஒருவர் தாம்பூலப் பையைப் பிரித்துத் தேங்காய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா அந்த அடியை மறுபடி பாடினார், சற்று உரக்க. காத்திருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை.